கிரகணம் நீக்கித் தரப்படும்

கோணக்குறிச்சியில் புத்திசாலிகளே கிடையாதா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். இருக்கிறார்கள், எல்லாரும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். ஊரில் தங்கிவிட்டவர்களில் நாலு பேர் சேர்ந்து நடத்தியதுதான் சுபமுகம் ஸ்டுடியோ.

முதலாளி மாசிலாமணி அண்ணாச்சி. கேமரா பிடிப்பவன் இசக்கியப்பன். லைட் பிடிப்பவன் பேச்சிமுத்து. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சரிபண்ணுகிறவன் கோமதிநாயகம். நாலு பேரும் தங்கமான ஆட்கள், சூதுவாது தெரியாது. ஒன்று சொன்னால் அதை அப்படியே செய்வார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா, "தாலி கட்டுத நேரத்துல ஒரு ஆள் விடாம எடுத்துரணும் தம்பி" என்று சொல்லிவிட்டார். இசக்கியப்பன் மண்டபத்து வாட்ச்மேன் முதல் அடுப்படியில் வெங்காயம் உரித்தவர் வரை ஒருவர் விடாமல் எடுத்தான். தாலி கட்டினதைத்தான் எடுக்க நேரம் இல்லாமல் போனது.

கொஞ்ச காலமாகவே கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். போன் வந்த பிறகு எவன் ஸ்டுடியோவுக்கு வருகிறான்? கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் வேறு பரோட்டாக் கடைக்கு இடத்தைப் பேசி முடித்து, கல் எங்கே போடலாம் என்று அளந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா காலத்திலிருந்து வந்த கடை. அதில் கொத்துப் பரோட்டா சத்தம் கேட்பதை நினைத்ததுமே காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, சாமி அனுப்பின மாதிரி, காலண்டர் முதலாளி சங்கரபாண்டியன் கார் வந்து நின்றது.

"வே மாசிலாமணி, வார பௌர்ணமிக்குச் சந்திர கிரகணம். அதைப் படம் எடுத்துத் தாரும். அடுத்த வருசக் காலண்டர் அட்டைக்கு. படம் எனக்குப் பிடிச்சுதுன்னா, வருசம் பூரா நம்ம கம்பெனி வேலை மொத்தமும் உமக்குத்தான்."

அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கார்க் கதவைச் சாத்த முடியாமல் டிரைவர்தான் பிரித்துவிட்டார்.

அண்ணாச்சியின் மச்சினன் சிவஞானம் வெளியூர்க் கல்லூரியில் பௌதிக வாத்தியார். அவனுக்குப் போன் போட்டார்கள். அவன் பொறுமையாகச் சொன்னான்.

"பயப்படாதீங்க அத்தான். சாயங்காலம் உதிக்கும்போதே நிலா முழுசா மறைஞ்சுதான் உதிக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமா வெளியே வரும். நல்ல இருட்டான இடமாப் பாத்துப் போயிருங்க. லென்ஸ் பத்தலேன்னா முன்னால பைனாகுலரை வச்சுக் கட்டுங்க. கேமரா ஒரு பொட்டு ஆடக்கூடாது. நிலா மேல ஏற ஏற நீங்களும் ஏறிக்கிட்டே வரணும். முக்கியமா, லைட்டைப் போட்டுராதீங்க."

லைட்டைப் போடக்கூடாது என்றதும் பேச்சிமுத்துவின் முகம் தொங்கிவிட்டது. பிழைப்பே லைட்தானே அவனுக்கு.

இருட்டான இடம் எது என்று நாலு பேரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"சுடுகாடு" என்றான் பேச்சிமுத்து.

"அங்க போன மாசம்தான் பெரிய லைட்டு போட்டாவ. நம்ம வீட்டைவிட வெளிச்சமா இருக்கு" என்றான் இசக்கியப்பன்.

அண்ணாச்சி சிரித்தார். "ஏலே, கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுதிய. நம்ம டார்க் ரூமைவிட இருட்டான இடம் இந்த ஜில்லாவுல உண்டாலே?"

அடடா என்று எல்லாரும் அண்ணாச்சியின் மூளையைப் பாராட்டினார்கள். கடையின் பின்பக்கம், பிலிம் கழுவின காலத்து அறை அது. ஜன்னல் கிடையாது. பௌர்ணமியன்று சாயங்காலம் ஸ்டாண்டையும் கேமராவையும் உள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கும் வைத்து அடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். கோமதிநாயகத்தை மட்டும் டீ வாங்க அனுப்பியிருந்தார்கள்.

"நிலா வந்துட்டாலே?"

"ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. ஒரே இருட்டா இருக்கு."

"அப்ப இடம் சரிதான்."

இசக்கியப்பன் ஒரு படம் எடுத்துப் பார்த்தான். கன்னங்கரேல் என்று இருந்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அண்ணாச்சி! கிரகணம் முழுசாப் பிடிச்சிருக்கு! ஒரு பொட்டு நிலா வெளியே தெரியல, பாருங்க!"

அண்ணாச்சி அந்தக் கறுப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த வேலை இவ்வளவு சுளுவா என்று அவருக்கு ஆச்சரியம். கதை இங்கேயே முடிந்திருக்கும். அந்த நேரம் கோமதிநாயகம் டீயோடு கதவைத் திறந்து, "தெருவுல சிவப்பா ஒரு நிலா நிக்குது, நம்ம நிலா இல்லைன்னா வேற யாராவது எடுத்துட்டுப் போட்டும்" என்று சொல்லித் தொலைத்தான்.

விழுந்தடித்து வெளியே ஓடினார்கள். தெருக்கோடியில், அரிசி மில்லுக்கு மேலே, அடுப்பில் கிடந்த தோசைக்கல் மாதிரி மங்கலாகச் சிவந்துபோய் நின்றது நிலா.

குற்றாலத்தில் வாங்கின பிளாஸ்டிக் பைனாகுலரை லென்ஸுக்கு முன்னால் வைத்துக் கட்டப்போகும்போது அடுத்த சிக்கல். பைனாகுலருக்கு இரண்டு கண், கேமராவுக்கு ஒன்றுதான்.

"எந்தக் கண்ணுல வைக்க?" என்றான் இசக்கியப்பன்.

"வலது கண்ணுல வை. இடது துடிச்சா ஆகாது" என்றான் பேச்சிமுத்து.

"ஆம்பளைக்கு வலது, பொம்பளைக்கு இடதுல்லா? நிலா ஆம்பளையா, பொம்பளையா?"

அண்ணாச்சி தாடையைத் தடவினார். "சந்திரன்னு பாத்தா ஆம்பளை. ஆனா பொம்பளைப் பிள்ளையளுக்குத்தான் நிலா நிலான்னு பேரு வைக்காவ. எதுக்குப் பொல்லாப்பு, நடுவுல வச்சுக் கட்டு."

நடுவில் வைத்துக் கட்டினார்கள். இரண்டு கண்ணுக்கும் இடையில் இருந்த பிளாஸ்டிக் பாலம்தான் தெரிந்தது. கட்டின ரப்பர் பாண்டு பழசு, நல்ல வேளையாக அறுந்து பைனாகுலர் சாக்கடையில் விழுந்தது. அந்தப் பீடை ஒழிந்ததோ, இல்லையோ, கல்யாணத்தில் அழுகிற பெண்ணின் அம்மாவைத் தூர இருந்து எடுக்கிற பெரிய லென்ஸ் ஒன்று பையில் கிடப்பது இசக்கியப்பனுக்கு ஞாபகம் வந்தது.

கேமரா ஆடக்கூடாதல்லவா? ஸ்டாண்டை நைலான் கயிற்றால் கரண்டு கம்பத்தோடு வரிந்து கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் நிலா கொஞ்சம் ஏறிவிட்டது.

"ஏறிட்டு! மாப்ளே என்ன சொன்னான்? அது ஏறினா நாமளும் ஏறணும்!" என்று அண்ணாச்சி கத்தினார்.

கேமராத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் முடிகிற காரியம். ஆனால் சொன்னால் சொன்னதுதானே. கயிற்றை அவிழ்த்து, ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். நிலா இன்னும் ஏறியது. மொட்டை மாடிக்கு ஓடினார்கள். அங்கே கட்டினார்கள். அது இன்னும் ஏறியது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார்கள். அதற்கு மேல் ஏற ஒன்றும் இல்லை. அண்ணாச்சி நாய் மாதிரி இரைத்துக்கொண்டு, "யம்மா தாயே, இத்தோட நில்லு" என்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

இசக்கியப்பன் கண்ணை வைத்தான். தொழில் பழக்கம் சும்மா விடுமா?

"லேசாத் தலையைச் சாயுங்க. இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம்... ஆங். சிரிங்க. சிரிங்கன்னா! என்னவோ பறிகொடுத்த மாதிரி நிக்கிய."

நிலா சிரிக்கவில்லை. "புது இடம்லா, கூச்சப்படுது. சொந்தக்காரவுக யாரையாவது பக்கத்துல நிறுத்து" என்றார் அண்ணாச்சி. இசக்கியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். தூரத்தில் ஒரு நட்சத்திரம் தனியாக நின்றது. எவ்வளவு கூப்பிட்டும் பக்கத்தில் வரவில்லை. என்ன மனஸ்தாபமோ.

இதற்கிடையில் பேச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை. "மூஞ்சி இருட்டடிச்சுக் கிடக்கு அண்ணாச்சி. பாக்க மனசு கேக்கல" என்று கல்யாண வீட்டுப் பெரிய லைட்டைத் தூக்கி நிலாவுக்கு நேராகப் பிடித்துப் போட்டுவிட்டான். போட்ட கொஞ்ச நேரத்தில் நிலாவின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீற்று எட்டிப் பார்த்தது.

"எட்டிட்டு! என் லைட்டு எட்டிட்டு!" என்று தொட்டி மேல் குதித்தான்.

"பாவி! கிரகணத்தைக் கலைச்சிட்டியே! கடை போச்சே! அணைலே அதை!" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அணைத்தான். கீற்று நின்றபாடில்லை, பெரிதாகிக்கொண்டே போனது.

"சூடு ஏறிட்டு அண்ணாச்சி. இனி அதுவாத்தான் எரியும்" என்றான் பேச்சிமுத்து, குற்றவாளி மாதிரி.

இந்தக் கூத்தில் பயந்துபோன இசக்கியப்பன் பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டான். கேமரா பாட்டுக்குச் சடசடவென்று எடுத்துக்கொண்டே இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதில் அருமையான படங்கள் விழுந்திருந்தன. செம்பு நிறத்தில் நிலா, ஓரத்தில் வெள்ளிக்கோடு, நிழலின் வளைவு, மேடு பள்ளம் எல்லாம் துல்லியமாக. பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிற படம். கடையைக் காப்பாற்ற அது ஒன்றே போதும்.

அதைத்தான் மறுநாள் காலை கோமதிநாயகத்திடம் கொடுத்தார்கள்.

கோமதிநாயகம் தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன். சுபமுகம் ஸ்டுடியோவிலிருந்து கறுப்பாக ஒரு மணப்பெண்ணும் இதுவரை வெளியே போனது கிடையாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவன் பதறிப்போனான். "என்ன அண்ணாச்சி, மூஞ்சி பூரா இப்படிச் சிவந்து தடிச்சிருக்கு? அம்மைத் தழும்பு வேற!"

மத்தியானத்துக்குள் சிவப்பை எடுத்தான். தழும்பெல்லாம் மறைந்தது. நிழலைச் சுரண்டிக் கழித்து, கன்னத்தைப் பூசின மாதிரி வழவழப்பாக்கினான். நிலா உரித்த முட்டை மாதிரி பளபளத்தது. கண்பட்டுவிடக் கூடாதே என்று கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தான். பழசை எல்லாம் கடை வழக்கப்படி அழித்தும்விட்டான்.

சாயங்காலம் சங்கரபாண்டியன் வந்தார். படத்தைக் கையில் வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வாசலில் கட்டடக்காரர் பரோட்டா மாஸ்டரோடு வந்து நின்றுகொண்டிருந்தார்.

"கிரகணத்தை எங்கவே காணும்?"

"சுத்தமா நீக்கியாச்சு முதலாளி. ஒரு தடம் இருக்காது" என்றான் கோமதிநாயகம், பணிவாக.

சங்கரபாண்டியன் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ரெண்டு நாளா ஏஜெண்டுகள் என் உயிரை எடுக்கானுவ வே. கிரகணத்தை எவன் பூஜை ரூம்ல மாட்டுவான், தோஷம்லா, மாத்துங்கன்னு. என்ன செய்யன்னு தெரியாம கிடந்தேன். இவன் கிரகணத்தைப் பிடிச்சு, தோஷத்தைக் கழிச்சு, திருஷ்டியும் கழிச்சு வச்சிருக்கானே!" என்று கோமதிநாயகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பரோட்டா மாஸ்டர் மாவு பிசையாமலே திரும்பிப் போனார். காலண்டர் வந்தது. அட்டையில் வெள்ளை வட்டம், அதன் கீழே 'சந்திர கிரகணம் - கிரகணம் நீக்கப்பட்டது' என்று தங்க எழுத்து. மச்சினன் சிவஞானம் போன் போட்டு, "அத்தான், படத்துல கிரகணம் எங்க?" என்று கேட்டான். "அதுதான் மாப்ளே விசேஷமே" என்றார் அண்ணாச்சி. அதற்குப் பிறகு அவன் கொஞ்ச நாள் போன் செய்யவில்லை.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? நிலாவைப் பிடித்த கிரகணத்தையே நீக்கினவனுக்கு நம்ம வீட்டுக் கிரகம் எம்மாத்திரம் என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கோமதிநாயகம் கட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எட்டில் இருக்கிற சனியைப் பக்குவமாக எடுத்துவிட்டு, கட்டத்தைச் சுத்தம் பண்ணிப் பிரிண்டு போட்டுக் கொடுத்தான். எடுத்த சனியை அழிக்க மட்டும் அவனுக்குக் கை வரவில்லை. "ஒரு கிரகத்தை அழிக்க நாம யாரு அண்ணாச்சி?" என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாகச் சேர்த்து வைத்தான். வாசலில் வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நின்றது.

திடீரென்று ஒரு நாள் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர ஆரம்பித்தது. பக்கத்து டவுனிலிருந்து முகுந்தன் என்கிற இன்ஜினீயரை வரவழைத்தார்கள். சின்ன வயது, பெரிய படிப்பு. திறந்து பார்த்தார்.

"உள்ளே இடமே இல்லைங்க. அதான் மெதுவாப் போகுது."

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "அது இல்ல சார். சனி மந்தக் கிரகம்லா? அத்தனை சனி உள்ள கிடந்தா, மிஷின் வேற எப்படிப் போவும்?"

முகுந்தன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். வரிசையைப் பார்த்தார். வாசல் கதவை லேசாகச் சாத்திவிட்டு, பையிலிருந்து மஞ்சள் தடவின ஒரு காகிதத்தை எடுத்தார்.

"எனக்கு ஏழுல செவ்வாய். அமைஞ்ச இடமெல்லாம் தட்டிப்போகுது. ஒரே ஒரு செவ்வாய்தான். உள்ளே எப்படியாவது ஒரு ஓரமா..."

"இடம் இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னிய" என்றான் பேச்சிமுத்து.

எல்லாரும் கவலையோடு கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். கோமதிநாயகம் மட்டும் அந்தக் கட்டத்தை வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்தான்.

"இதை எடுக்கவே வேண்டாம் சார். செவ்வாய் சிவப்புதானே? அப்படியே வெள்ளையாக்கிட்டா சுக்கிரன்லா!"

முகுந்தன் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாத்துப் பண்ணுங்க. ரொம்ப வெள்ளையாக்கிட்டா பொண்ணு வீட்ல சந்தேகப்படுவாங்க" என்றார்.