மூட்டைக்கு இரண்டு கிலோ

கிடங்கில் மிளகாய் எடை குறைந்தால் எலிதான் காரணம் என்று நெடுங்காலமாக நம்பப்படுகிறது. இது எலிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதி. குண்டுமிளகாயைக் கிலோக் கணக்கில் தின்றுவிட்டு நிம்மதியாக உலாவிய எலியை யாரும் கண்டதில்லை.

சாயல்குடிப் பக்கம், மூடிக் கிடந்த ஒரு ரைஸ்மில்லைக் குத்தகைக்கு எடுத்துக் கிடங்கு நடத்தினாள் இருளாயி. உள்ளே தரையெல்லாம், வெளியே நெல் காயவைத்த களமெல்லாம் சுண்ணாம்புக் கட்டங்கள். யாருக்கு எத்தனை கட்டம், எத்தனை வாரம் வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் வாடகை.

மில்லின் சொந்தக்காரரான முன்னாள் சேர்மன் வைரவநாதனும் நாற்பது மூட்டை மிளகாயை எடை போட்டு இறக்கினார். ஒரு மாதம் கழித்து, விலை பேசிய வியாபாரியோடு வந்து மறுபடி எடை போட்டார். மூட்டைக்கு இரண்டு கிலோ குறைந்தது.

"எலி தின்னுச்சா, நீ தின்னியா? குறைஞ்ச எடையை இப்பவே மூட்டையில வை. இல்லேன்னா சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பு!"

"வச்சிடுறேன் ஐயா" என்ற இருளாயி, தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்தாள்.

சேர்மன் பதறினார். "அடியே, ஊத்தாதே! பூசணம் பிடிச்சிரும்!"

"நீங்க ஊத்தினப்ப பிடிக்காதது நான் ஊத்தினா பிடிக்குமா? பக்கத்துக் கட்டத்து மூட்டையெல்லாம் வந்த எடையிலேயே இருக்கு. உங்க மூட்டைதான் வந்த அன்னிக்கே சொட்டிக்கிட்டு இருந்துச்சு. போனது தண்ணி, அதைத்தானே ஐயா நான் திருப்பித் தர முடியும்?"

வியாபாரி முழங்கை வரை கையை விட்டு, மூட்டையின் உள்ளிருந்து ஒரு பிடி அள்ளினார். வெள்ளை பூத்திருந்தது.

அன்று மாலை, மில் களத்தில் ஆறு கட்டங்களைச் சேர்மன் இருளாயியிடம் வாடகைக்கு எடுத்தார், மிளகாய் காயவைக்க.