மூன்று நிறத் துரோகி

எஸ்டோனியாவைச் சோவியத் ஆட்சி பிடித்துவைத்திருந்த காலம். அந்த நாட்டுக் கொடியில் மேலே நீலம், நடுவே கறுப்பு, கீழே வெள்ளை. அதை யாராவது ஏற்றினால் சைபீரியாவுக்கு நாடுகடத்தல்தான்!

பனிக்காலத்தில் ஒருநாள் கூட்டுப்பண்ணைச் சலவைக்காரி லெய்தா நீலப் பாவாடை, கறுப்புக் கால்சட்டை, வெள்ளைத் துண்டு என்று அடுத்தடுத்துக் காயப்போட்டுவிட்டாள். பாய்ந்து வந்தார் அதிகாரி புரோகரோவ்.

"இது சலவையா, சதியா? இந்த மூணு நிறத்தோட திரியற இன்னொரு துரோகியைச் சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லேன்னா நீதான் ரயிலேறுவே!"

"சாயங்காலம் எதுக்கு, தோழரே? தினமும் சந்தை வழியாத்தான் போறார். அவரைக் கண்டா ஊரே எழுந்து, தொப்பியைக் கழற்றிட்டு நிக்குது."

"அவ்வளவு திமிரா! யாரவன்?"

லெய்தா அவரை ஜன்னல் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள்.

"தலையிலே நீலத் தொப்பி. உடம்பிலே கறுப்புக் கோட்டு. காலிலே வெள்ளைக் கம்பளி பூட்ஸ். மாஸ்கோவுக்கு எழுதுங்க, நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

புரோகரோவ் கண்ணாடியில் தன்னையே மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இத்தனை நாளும் அந்த மரியாதை தனக்கென்றல்லவா நினைத்திருந்தார்!

மறுநாள் முதல் கொட்டும் பனியிலும் வெறுந்தலையோடுதான் நடந்தார். காது மட்டும் கட்சிக்கு விசுவாசமாகச் சிவந்திருந்தது.