முதல் கவளம் தின்ற காகம்

தோட்டத்து வீடு ஒன்றின் கூரையில் ஒரு காகம் இருந்தது. அந்த வீட்டுக்காரி தெய்வாத்தா, மத்தியானம் சோறு வடித்ததும் ஒரு கவளத்தைச் சுவர்மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிடுவாள். காகம் வந்து கொத்தின பிறகுதான் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். எவ்வளவு பசித்தாலும் அதற்கு முன்னால் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டாள்.

காகம் இதை யோசித்துப் பார்த்தது. 'நான் சாப்பிடாமல் இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அப்படியென்றால் வீட்டுக்குப் பெரியவன் யார்? நான்தான்!'

அன்றிலிருந்து அதன் நடையே மாறிவிட்டது. காட்டிலிருந்து மயில் வந்தால், "வா, நம்ம தொட்டியில தண்ணி குடி" என்றது. அணில் வந்தால் கொய்யா மரத்தைக் காட்டியது. மயில் தண்ணீர் குடித்தால் தெய்வாத்தா என்ன சொல்லப்போகிறாள்? சிரித்துவிட்டுப் போனாள். தன் பேச்சுக்கு மறுபேச்சே இல்லை என்று காகம் நினைத்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டினார்கள். கரும்புக்குள் குடியிருந்த காட்டுப்பூனைக்குப் படுக்க இடமில்லாமல் போயிற்று. அது வேலியோரமாக வந்து, காகத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தியது.

"ஏனுங்க, இந்த வீடு உங்களுதுங்களா?"

காகத்துக்குக் கழுத்து ஒரு முழம் நீண்டது. ஆமாம் என்றது. சோறு தண்ணி எதுவும் வேண்டாம், அந்த வைக்கோல் போருக்குப் பின்னால் ஓரமாகப் படுத்துக்கொண்டால் போதும் என்றது பூனை.

"அதுக்கென்ன, படுத்துக்கோ. நான் சொன்னா சொன்னதுதான்."

பூனை போய்ப் படுத்தது. கண்ணை மூடிக்கொண்டது. வால்நுனி மட்டும் ஆடியது.

அதே போரின் அடியில்தான் கோழி முந்தின நாள் குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் ஓடத் தெரியாது. கோழி காகத்தைக் கூப்பிட்டு, அந்தப் பூனையைப் போகச் சொல்லும்படி கெஞ்சியது. பெரியவர் கொடுத்த வாக்கை மாற்றக்கூடாது என்று காகம் சொல்லிவிட்டது.

கோழி தாழ்ந்த குரலில் சொன்னது: "அவன் எதுக்குக் காத்திருக்கான் தெரியுமா? நீ சோத்தைக் கொத்தினதும் ஆத்தா சாப்பிட உள்ளே போயிருவா. அவ உள்ளே போனதும் அவன் எந்திரிப்பான்."

காகத்துக்குச் சோற்றாசையே போய்விட்டது. நேரே செவலை நாயிடம் பறந்து, பூனையை விரட்டு என்று உத்தரவு போட்டது. செவலை சங்கிலியில் கிடந்தது.

"அவுத்து விடுங்க பெரியவரே. உங்க வீட்டுச் சங்கிலிதானே?" என்றது நாய். "நான் குரைச்சும் புண்ணியமில்லை. நீ கூப்பிட்ட மயிலுக்கெல்லாம் குரைச்சுக் குரைச்சு, இப்ப நான் குரைச்சா ஆத்தா திரும்பிக்கூடப் பாக்கறதில்லை."

அதற்குள் சுவர்மேல் சோறு வந்துவிட்டது. பருப்பும் நெய்யும் மணத்தது. "கா... கா..."

காகம் சுவருக்குப் போகவில்லை. வைக்கோல் போரின் உச்சியில் உட்கார்ந்து கத்தியது. தெய்வாத்தா மறுபடி கூப்பிட்டாள். காகம் அசையவில்லை. கடைசியில் அவளே கவளத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏஞ்சாமி, இன்னைக்குச் சோறு புடிக்கலையா?"

காகம் போரின் பின்பக்கம் தத்தியது. அவளும் சுற்றிக்கொண்டு வந்தாள். பூனை கண்ணைத் திறந்து காகத்தைப் பார்த்தது.

"குடுத்த வாக்கு என்னாச்சுங்க, வீட்டுக்காரரே?"

"நான் வீட்டுக்காரன் இல்லப்பா," என்றது காகம். "எனக்கும் இங்கே ஒரு கவளம்தான்."

தெய்வாத்தா பூனையைப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய்ச் செவலையை அவிழ்த்துவிட்டாள். பூனை வேலியைத் தாண்டி ஓடியது. பிறகு கோழியையும் குஞ்சுகளையும் கூடையைக் கவிழ்த்து மூடினாள். சோற்றைத் திரும்பச் சுவர்மேல் வைத்துவிட்டு, பசியோடு நின்றாள்.

காகம் விருட்டென்று வந்து கொத்தியது. அவள் சாப்பிட வேண்டுமே!

பிறர் அன்பால் தரும் மரியாதையை நம் அதிகாரம் என்று நினைத்து வாக்குக் கொடுத்தால், அந்த வாக்கு ஒரு பாவமும் அறியாதவர் தலையில் போய் விழும்.