பூவலகியும் நானூறு நோய்ப் பெயர்களும்

டக்... டக்... டக்...

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மரப்பொந்துக்குள் முட்டையின்மேல் உட்கார்ந்திருந்த பூவலகிக்கு அந்தச் சத்தம் கேட்டது. பூவலகி ஓர் இளம் இருவாச்சிப் பறவை. அவளுக்கு இது முதல் முட்டை.

சத்தம் வெளியே மரப்பட்டையிலிருந்து வருகிறதா, தன் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறதா என்று அவளுக்குப் புரியவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தாள். நெஞ்சும் படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. போச்சு, டாக்கிகார்டியா வந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். இதயம் வேகமாக அடித்தால் அதற்கு அப்படித்தான் பெயர்.

பூவலகி படித்த பறவை. மலையடிவாரத்தில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தது. உடம்புக்கு ஏதாவது வந்தால் பார்க்கக் காட்டில் ஆளில்லையே என்று விலங்குகளெல்லாம் கூடிப் பேசி, அவளைத்தான் படிக்க அனுப்பின. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்ற சில்வர் ஓக் மரத்தில் உட்கார்ந்து, ஒருநாள் விடாமல் பாடம் கேட்டாள். முதல் பருவம் முழுக்க வெறும் பெயர்கள்தான். 'ஐடிஸ்' என்று முடிந்தால் வீக்கம். 'டாக்கி' என்று தொடங்கினால் வேகம். நானூறு பெயர்களையும் வரிசை பிசகாமல் மனப்பாடம் செய்தாள். நோயை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன மருந்து கொடுப்பது என்பதெல்லாம் இரண்டாம் பருவத்தில் என்றார்கள். அதற்குள் முட்டையிடும் காலம் வந்துவிட்டது.

முட்டையிடப் போகும் பெண் இருவாச்சி பொந்துக்குள் புகுந்து, மண்ணையும் பழச்சக்கையையும் எச்சத்தையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். அதன் வழியாக ஆண் பறவை இரை கொடுக்கும். குஞ்சு ஓரளவு வளரும்வரை தாய் வெளியே தலைகாட்டாது. பூவலகியும் அப்படித்தான் அடைத்துக்கொண்டாள். அவள் கணவன் ஆலன் விடிந்ததிலிருந்து அத்திப்பழம் சுமந்தான். பொழுது சாய்ந்ததும் தூரத்து மரத்துக்குப் போய்த் தூங்கினான்.

உள்ளே வந்த நாலாம் நாள் அவள் இறக்கையிலிருந்து ஒரு பெரிய இறகு கழன்று விழுந்தது. மறுநாள் மூன்று. இரண்டு வாரத்தில் பறப்பதற்கு ஓர் இறகுகூட மிச்சமில்லை. முடியோ இறகோ கொட்டினால் அலோபீசியா. அந்தக் கவலையில் பழம் தொண்டையில் இறங்கவில்லை. பசி செத்துப்போனால் அனோரெக்ஸியா. ஒவ்வொரு பெயராக ஞாபகம் வர வர, அவளுக்கு உடம்பு நடுங்கியது. நடுக்கத்துக்கும் ஒரு பெயர் இருந்தது.

ஆலனிடம் சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் குஞ்சாக இருந்தபோது பொந்துக்குள் அம்மாவும் மொட்டையாகத்தான் இருந்த மாதிரி ஞாபகம் என்றான். படிக்காதவனுக்கு என்ன தெரியும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது அந்தச் சத்தம் வாசலுக்கு நேர் வெளியே வந்து நின்றது. இது நெஞ்சில்லை, நகம்.

வந்திருந்தவன் புனுகன் என்ற மரநாய். முட்டை வாசனை பிடித்து ஏறிவந்தவன். கீறலில் மூக்கை வைத்தான், நுழையவில்லை. சுரண்டிப் பார்த்தான், பூச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. சரி, இறங்கிப் போகலாம் என்று திரும்பும்போது, உள்ளே அவள் நோய்ப் பெயர்களை முணுமுணுப்பது காதில் விழுந்தது. அந்தப் பெயர்கள் அவனுக்கும் பழக்கம்தான். பரீட்சை வந்தால் ஹாஸ்டல் பிள்ளைகள் ராத்திரி முழுக்க அதைத்தான் கத்திக் கத்திப் படிப்பார்கள்.

புனுகன் தொண்டையைச் செருமிக்கொண்டான். தான் கல்லூரியிலிருந்து வருவதாகவும், மூன்று வருஷமாக ஹாஸ்டலில் இருப்பதாகவும் சொன்னான். அது பொய்யில்லை. கூரைக்குள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பூவலகிக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருஷம் என்றால் மருந்துவரை படித்திருப்பாரே! இறகு கொட்டியது, பசி போனது, நெஞ்சு அடிப்பது எல்லாவற்றையும், தான் வைத்த பெயர்களோடு சேர்த்து ஒப்பித்தாள்.

"அலோபீசியாவேதான் தங்கச்சி. கூடவே டாக்கிகார்டியா. சரியாத்தான் சொல்லியிருக்கே."

"முட்டைக்கும் வருமாண்ணே?"

"வராமலா? முட்டைக்குத்தான் முதல்ல ஒட்டும். இன்னிக்கே வெளியே எடுத்தாகணும். கதவைத் திற, நான் பார்க்கிறேன்."

பூவலகி தவித்தாள். திறந்தால், பறக்க இறகில்லாமல் யார் முன்னாலோ நிற்கவேண்டும். திறக்காவிட்டால் முட்டை போய்விடும். ஆலன் இருந்தால் கேட்கலாம். ஆனால் அவனுக்கு ஒரு பெயர்கூடத் தெரியாதே! அவள் பூச்சைக் கொத்தத் தொடங்கினாள். கட்டி கட்டியாகப் பெயர்ந்து உள்பக்கம் விழுந்தது. கீறல் அகலமாகிக்கொண்டே வந்தது.

பயம் வந்தால் பாடத்தை ஒப்பிப்பது அவள் பழக்கம். கொத்துக்கு ஒரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனாள். வரிசையில் மாஸ்டைடிஸ் வந்தது. அதுவும் தனக்கு இருக்குமோ என்று ஒரு கலக்கம்.

"அண்ணே, மாஸ்டைடிஸும் இருக்குமோ?"

"இருக்குமாவா? முற்றிப்போச்சு. இங்கிருந்தே தெரியுது."

பூவலகியின் அலகு அப்படியே நின்றது. மாஸ்டைடிஸ் என்றால் பால்மடி வீக்கம். பசுவுக்கு வரும், ஆட்டுக்கு வரும். அவள் குனிந்து, இருட்டில் தன் வயிற்றை அலகால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். இறகுகள்தான் இருந்தன. ஒருவேளை தான்தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று அப்போதும் குழம்பினாள். மெதுவாகக் கேட்டாள்.

"எந்தப் பக்கத்து மடியிலண்ணே?"

"இடதுபக்கம்" என்றான் புனுகன், யோசிக்காமல்.

இல்லாத மடிக்கு நோய் சொல்கிறவன், முட்டைக்கு நோய் என்று சொன்னது மட்டும் எப்படி உண்மையாகும்? அந்த நினைப்போடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இத்தனை நாளாகத் தானும் இதைத்தானே செய்துகொண்டிருந்தோம்? பெயர் தெரிந்தது, அதைத் தூக்கித் தன்மேல் மாட்டிக்கொண்டோம்.

கொத்தும் சத்தம் நின்றதும் புனுகனுக்குப் பொறுமை போய்விட்டது. அகலமான கீறலுக்குள் முன்காலை விட்டு முட்டையைத் துழாவினான். நகம் முட்டையை உரசியது. பூவலகி உலக்கை போன்ற தன் அலகை ஓங்கி அந்தக் காலின்மேல் போட்டாள். மரமே அதிரும்படி அலறினான். கால் வெளியே ஓடிவிட்டது.

"கிட அங்கேயே! அந்த அலோபீசியாவிலேயே செத்துப்போ!" என்று கத்திக்கொண்டே, அவன் வலித்த காலை நக்கினான். ஆனால் கிளையைவிட்டுப் போகவில்லை.

பூவலகி உள்ளே விழுந்த பூச்சுக் கட்டிகளைப் பொறுக்கினாள். தின்னாமல் ஒதுக்கிவைத்த அத்திப்பழங்களைப் பிசைந்து, எச்சத்தோடு குழைத்து, கீறலின் ஓரங்களில் அப்பினாள். அலகால் தட்டித் தட்டிச் சமன்செய்தாள். வெளியே புனுகன் சுரண்டச் சுரண்ட, உள்ளே அவள் அதற்குமேல் ஒரு பூச்சு போட்டாள். அவசரத்தில் மொட்டை இறக்கை சுவரில் பட்டது. சுருக்கென்று குத்தியது. அலகால் தடவிப் பார்த்தாள். இறகு விழுந்த இடத்திலெல்லாம் முள் முள்ளாகப் புது இறகுக் குருத்து முளைத்திருந்தது.

இதற்கு என்ன பெயர்? நானூறையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கல்லூரியில் கொட்டுவதற்குத்தான் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள், முளைப்பதற்குச் சொல்லவில்லை. அவளுக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனாலும் முட்டை வயிற்றுக்கடியில் கதகதப்பாக இருந்தது. பசிகூட எடுத்தது.

மிச்சமிருந்த குழைவை எடுத்து, அலகு மட்டும் நுழையும்படி வாசலை உள்ளிருந்து இறுக்கி அடைத்து முடித்தாள். வெளியே நகச் சத்தம் டக்... டக்... என்று மரத்தைவிட்டு இறங்கிப் போனது.

நோயின் பெயரைப் படிக்குமுன் நம் உடம்பைப் படிக்கவேண்டும். இல்லாவிட்டால் பெயர் சொல்ல வருகிறவனெல்லாம் நமக்கு வைத்தியனாகிவிடுவான்.