முகம் கவிழ்ந்த யவனப் பூ

செடிகொடிக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், நம் கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் சேந்தி என்றொரு மருத்துவச்சி இருந்தாள். கிழங்கு தோண்டப் போனால் முதலில் செடியிடம், "நீ யார், உன் குணம் என்ன?" என்று கேட்பாள். மூன்று தரம் கேட்க வேண்டும், அதுதான் முறை. முதல் தரம் செடிகள் வாய்க்கு வந்ததைச் சொல்லும், பெருமையடிக்கும். மூன்றாம் தரம் எந்தச் செடிக்கும் பொய் வராது.

ஒரு பனிக்காலத்தில் அவளுடைய ஒரே மகள் நல்லிக்குப் பிரசவ வலி எடுத்தது. இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. காந்தள் கிழங்கை அரைத்துத் தொப்புளில் பற்றுப் போட்டால் இறங்கும். ஆனால் கொடியெல்லாம் காய்ந்து, கிழங்கு எங்கே கிடக்கிறது என்றே தெரியாத பருவம் அது.

"அம்மா, என்னால முடியலம்மா," என்று நல்லி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ வந்துட்டேன் கண்ணு," என்று கையை விடுவித்துக்கொண்டு சேந்தி ஓடினாள்.

காடெல்லாம் அலைந்தும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில், யவனக் கப்பலில் வந்த மதுச்சாடிகளைச் சுற்றியிருந்த வைக்கோலைக் கொட்டும் மேட்டில், ஒரு பூ நிமிர்ந்து நின்றது. காந்தளைப் போலவே இதழ்களைப் பின்னால் மடக்கியிருந்தது. நிறம் வெளிறல், இலை வேறு, கொடியாகவும் இல்லை. இதெல்லாம் அவள் கண்ணில் படாமலா இருக்கும்? பட்டது. மகளின் முனகல் காதுக்குள் கேட்கும்போது இலையை யார் பார்ப்பது!

"நீ காந்தள்தானே?"

அந்தப் பூ வைக்கோலோடு இங்கே வந்து ஒரு வருஷம். யாரும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை, பக்கத்துச் செடிகள்கூடப் பேச்சுக் கொடுத்ததில்லை. இப்போது ஒருத்தி தேடி வந்து, நம்மூர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பாவம், அதற்கு ஆசையாகிவிட்டது.

"ஆமாம்," என்றது.

சேந்தி இரண்டாம் தரம் கேட்கவில்லை. கிழங்கில் பாதியை அறுத்துக்கொண்டு ஓடி, அரைத்துப் பற்றுப் போட்டாள். பிள்ளை பிறந்தது. ஆனால் அந்தக் கிழங்கின் நஞ்சு உடம்பில் ஏறி நல்லி குளிர்ந்து செத்துப்போனாள். பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பாவி மகள்.

மறுநாள் சேந்தி மேட்டுக்கு வந்தாள்.

"மூன்று தரமும் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாயா?"

"சொல்லியிருப்பேன்," என்றது பூ. "நீ கேட்பாய் என்றுதான் நினைத்தேன்."

வைவதற்காக வாயைத் திறந்தாள் சேந்தி. யாரை வைவது? வயிற்றில் அடித்துக்கொண்டு அங்கேயே விழுந்து அழுதாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பூ கழுத்தை வளைத்துக் குனிந்தது. சுற்றி நின்ற செடிகளெல்லாம் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டன.

அன்று முதல்தான், கடலுக்கு அப்பால் தன் சொந்த மலைகளிலும் அந்தப் பூ மண்ணைப் பார்த்தே பூக்கிறது. பெயர் தெரியாத செடியின் முன்னால் நாம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும், அது நம்மிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.