மணிக்காகக் குடித்த நால்வர்

நிதானபுரத்தில் குடிகாரர் ஒருவர்கூட இல்லை. அந்த ஊருக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

"பனையிலிருந்து இறங்குவது எதுவும் உங்கள் வாய்க்குள் போகக் கூடாது" என்று, ஊரை உண்டாக்கிய உபதேசியார் கள்ளை மனதில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். நிதானபுரத்தார் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறவர்கள். மூன்று தலைமுறையாக நுங்கு தின்றதில்லை, கருப்பட்டியைக் கண்டதில்லை. பனையோலை விசிறியைக்கூட வாய்க்கு நேராக வீசிக்கொள்ள மாட்டார்கள்.

இதனால் வருஷா வருஷம், சுற்றுவட்டாரச் சபைகள் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் அவர்களுக்குத் தலைகுனிவு. பந்தி போடுவதற்கு முன், குடியை விட்டவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். எந்த ஊரில் அதிகம் பேர் விட்டார்களோ அந்த ஊர்க் கோயிலுக்குப் பேராயர் கையால் பரிசு. பக்கத்து ஊரான கருக்குவிளையில் நாலு பேர் வருஷம் தவறாமல் விட்டார்கள். அதே நாலு பேர்தான். பண்டிகை முடிந்த மறுநாளே அடுத்த சாட்சிக்காக உழைக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படியே ஒரு ஹார்மோனியமும் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கும் சம்பாதித்துவிட்டார்கள்.

இந்த வருஷப் பரிசு வெண்கல மணி என்று கேட்டதும் தவசிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. நிதானபுரம் கோயிலில் மணி அடிக்கிறவர் அவர்தான். மணிதான் இல்லை. பழைய மணி விரிசல் விட்டுப் போனதிலிருந்து, பதினோரு வருஷமாகத் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு ஜனங்கள் ஜெபத்துக்கு வருகிறார்களோ இல்லையோ, கொல்லன் பட்டறை என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் மாட்டுக்கு லாடம் கட்ட வந்தார்கள். சாவதற்குள் ஒரு தடவையாவது நிஜமான மணியை அடித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஏக்கம்.

அவரும், சபை மூப்பர் மாசிலாமணியும், ரத்தினசாமியும், செல்லையாவும் கூடி யோசித்தார்கள்.

"விடணும்னா முதல்ல பிடிக்கணும்லா?" என்றார் மாசிலாமணி.

"அது பாவமில்லையா அண்ணாச்சி?" என்று கேட்டார் தவசிமுத்து.

"பாவமே பண்ணாம மனந்திரும்பினா, எதுலேருந்து வே திரும்புவீரு?"

நாலு பேரும் கருக்குவிளைப் பனையேறி பொன்னுலிங்கத்திடம் போய், குடிகாரராக வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். பொன்னுலிங்கம் நல்ல மனுஷன். நாலு சாதுக்களைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. "இதுதான் கள்ளு" என்று ஒரு கலயம் பதநீரை ஊற்றிக் கொடுத்தான்.

ஜெபம் பண்ணிவிட்டுக் குடித்தார்கள்.

"இம்புட்டுத் தித்திப்பா? உலகம் கெட்டுப்போனதுல ஆச்சரியமே இல்ல" என்றார் ரத்தினசாமி.

"இனி என்ன செய்யணும்?" என்று தவசிமுத்து கேட்டார்.

பொன்னுலிங்கம் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "தல சுத்தும். ஓடையில விழுவீங்க. வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட சண்ட போடுவீங்க."

அரைமணி நேரம் காத்திருந்தும் தலை சுற்றவில்லை. எனவே பனையைப் பிடித்துக்கொண்டு இவர்களே சுற்றினார்கள். சுற்றியது. அடுத்து ஓடைக்குப் போனார்கள். மூப்பர் என்ற மரியாதைக்கு மாசிலாமணியை முதலில் விழச் சொன்னார்கள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு விழுந்தார்.

தவசிமுத்து வீட்டில் உட்கார்ந்து சண்டைக்குக் காரணம் தேடினார். குழம்பில் ஒரு குறையும் அகப்படவில்லை. "எதுக்குட்டி இவ்வளவு ருசியா வச்சிருக்க?" என்று அதட்டினார்.

"காதுல ஓடை மண்ணு இருக்கு. குளிச்சிட்டு வந்து கத்துங்க" என்றாள் மனைவி எஸ்தர், இன்னொரு கரண்டி ஊற்றியபடி.

ஒரு மாதம் இப்படிக் கடமை தவறாமல் குடித்தார்கள். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு நிதானபுரத்துப் போதகர் ஜெபநேசன் இச்சையடக்கத்தைப் பற்றி உருகிப் பிரசங்கித்தார். "குடிகாரன் தான் குடித்ததை ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டான். நானோ, என் சகோதரன் இடறுவான் என்றால், எனக்குப் பிரியமானது எதுவானாலும் விட்டுவிடுவேன்" என்றார். நாலு பேரும் அன்றே விட்டார்கள். விடுவது நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. செல்லையா இரண்டு நாள் அழுதார்.

பண்டிகை வந்தது. மேடையில் கருக்குவிளைக்காரர் நாலு பேர், நிதானபுரத்தார் நாலு பேர். சமமானால் போன வருஷம் ஜெயித்த ஊருக்கே பரிசு என்று வாசித்தார்கள். மணியை இவ்வளவு கிட்டத்தில் பார்த்துவிட்டு இழப்பதா என்று தவசிமுத்துவுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு திரும்பினால், பேராயருக்குப் பக்கத்தில் போதகர், பனையோலையைக் கிண்ணம்போல் மடித்த பட்டையை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாசனை தெரிந்த வாசனை.

"ஐயா, நீங்களுமா?" என்றார் தவசிமுத்து. "எங்கள ஓடையில தள்ளின சரக்குல்லா அது."

"இது பதநீர்யா. கள்ளு இல்ல" என்றார் போதகர்.

"குடிச்சவன் ஒத்துக்கிட மாட்டான்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் மாசிலாமணி வருத்தத்தோடு. "சகோதரன் இடறினா பிரியமானத விட்டுருவேன்னும் சொன்னீங்க. இங்க நாலு பேரு இடறிக்கிட்டு நிக்கோம்."

அடக்கத்தைப் பற்றிப் பேச வந்த பேராயர், சிரிப்பை அடக்க முடியாமல் அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டார். போதகருக்கு வீட்டுக்குள்ளே காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு பதநீர் இல்லாமல் நாள் போகாது. சபை முழுவதும் அவரையே பார்த்தது. பட்டையைக் கீழே வைத்தார். ஐந்தாவது ஆளாக உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்.

மணி நிதானபுரத்துக்கு வந்தது. முதல் நாள் தவசிமுத்து அழுதுகொண்டே அடித்தார். அதன்பின் தினமும் விடியற்காலையில் போதகர் வீட்டுக்குப் போய், "ஐயா, வாய ஊதுங்க" என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் மணியைத் தொட்டார். போதகர் மெலிந்துகொண்டே போனார்.

மறுவருஷம் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கையில் நாலு பேரும் ஒரு கலயத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"ஐயா, இந்தத் தடவ பரிசு சுவர்க் கடிகாரமாம்" என்றார் மாசிலாமணி. "நாங்க நேத்தே ஆரம்பிச்சிட்டோம். நீங்களும் இன்னிக்கே ஆரம்பிச்சாத்தான் அதுக்குள்ள விட முடியும்."

போதகர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கலயத்தை வாங்கி, பாதியை ஒரே மூச்சில் இறக்கினார்.

தவசிமுத்து வழக்கம்போல் கிட்டப் போய் ஊதச் சொன்னார். மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஸ்தோத்திரம். இப்பதான் கடிகாரத்துக்கு ஒரு நம்பிக்க வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு மணியடிக்க ஓடினார்.