பெரிய துளைக்குள் நாலு துளை

கோயம்புத்தூருக்குக் கிழக்கே இரும்பு கடையும் லேத்துப் பட்டறை ஒன்று இருந்தது. முதலாளி நாச்சிமுத்து. லேத்தில் கிட்டுசாமி. துளை போடுவது சென்னியப்பன். மூன்று பேருக்கும் சேர்த்து அறிவு எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. அவர்களே அளந்திருந்தால் கட்டாயம் கூடுதலாகத்தான் காட்டியிருக்கும்.

அன்று நாச்சிமுத்துவுக்குப் பெரிய சோதனை. பம்பு கம்பெனிக்கு ஒரே ஒரு மாதிரித் தகடு செய்து காட்ட வேண்டும். தேறினால் வருஷம் முழுக்க வேலை. தேறாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மாமனாரின் கோழிப்பண்ணைக்குப் போக வேண்டியதுதான். மாமனாரையாவது பொறுத்துக்கொள்ளலாம். கோழி என்றால் நாச்சிமுத்துவுக்குச் சின்ன வயசிலிருந்தே பயம்.

வட்டத் தகடு. நடுவில் ஒரு பெரிய துளை, சுற்றி நாலு சின்னத் துளை. கம்பெனியின் பரிசோதகர் எத்திராஜ் காலையிலேயே வந்து பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சின்னத் துளை நாலும் நடுத்துளையிலேர்ந்து அளந்தா சொன்ன இடத்துல இருக்கணும். கால் நூல், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியா, நகர்ந்தாலும் தள்ளிடுவேன். ஆனா ஒரு சலுகை உண்டு. நடுத்துளை கொஞ்சம் பெருசா அமைஞ்சுட்டா, பம்போட தண்டுல மாட்டும்போது தகடு ஆடும். அந்த ஆட்டம் அளவுக்குச் சின்னத் துளை தள்ளியிருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் வர்றேன்."

நடுத்துளையைக் கிட்டுசாமி குடைந்து கொடுத்தான். சென்னியப்பன் நாலு இடத்தில் புள்ளி குத்தி, புள்ளிமேலேயே துளை போட்டான். மையத்துக்கு மையம் அளக்கலாம் என்று ஸ்கேலோடு குனிந்த கிட்டுசாமி அலறினான்.

"ணா! புள்ளியக் காணமுங்ணா!"

"இங்கதானடா குத்துனேன்," என்றான் சென்னியப்பன்.

"இப்ப வெறும் ஓட்டைதான் இருக்குது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தார். துளை போடும்போது உதிர்ந்த இரும்புச் சுருளோடு புள்ளியும் போயிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுருளைச் சலித்தார்கள். போன தீபாவளிக்குத் தொலைந்த ஸ்குரூ கிடைத்தது, கிட்டுசாமியின் சட்டைப் பித்தான் கிடைத்தது. புள்ளி கிடைக்கவில்லை.

நாச்சிமுத்துவுக்கு வேறொரு யோசனை வந்தது. டீக்கடை பன்னைப் பிய்த்து ஐந்து துளையிலும் அடைத்து, பன்மேல் புள்ளி வைத்தால் ஆயிற்று. இந்த மூளை கம்பெனிக்காரனுக்கு இருக்குமா என்று அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. புள்ளியும் வைத்தார். ஸ்கேலை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் கிட்டுசாமி ஒரு துளையைக் காலி செய்து டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"மையத்தத் தின்னுட்டியேடா பாவி!"

"அஞ்சுல ஒண்ணுதானுங்ணா."

இன்னொரு பன் வாங்கி வந்து அளந்தார்கள். மூன்று துளை சரி. நாலாவது அரை நூல் தள்ளியிருந்தது.

நாச்சிமுத்துவின் காதில் கோழிகள் கொக்கரிக்கத் தொடங்கின. அப்போதுதான் சென்னியப்பன் வாயைத் திறந்தான்.

"சலுகை இருக்குதுல்லீங்ணா. நடுத்துளையப் பெருசு பண்ணிட்டாப் போச்சு."

தகடு லேத்தில் ஏறியது. கிட்டுசாமி அதைக் கோணலாகப் பிடித்திருந்ததால் நடுத்துளை ஒரு பக்கமாகவே பெருத்தது. இறக்கி அளந்தால் இப்போது மூன்று துளை தள்ளியிருந்தது.

"இன்னும் பெருசு பண்ணோணும்," என்றார் நாச்சிமுத்து.

"எது வரைக்குங்ணா?"

"சலுகைக்கு ஏதுடா எல்லை?"

ஐந்தாம் தடவை லேத்து ஒரு மாதிரி கரகரத்தது. கிட்டுசாமி மெல்லத் திரும்பினான். "ணா, சின்னத் துளை ஒண்ணு பெருசுக்குள்ள விழுந்துருச்சுங்ணா."

நாச்சிமுத்து குனிந்து துளைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார். "உள்ளதான விழுந்துச்சு? வெளிய போகலியே?"

"வெளிய போகலீங்ணா."

"அப்ப மத்த மூணையும் உள்ள கூட்டிட்டு வந்துரு. ஒண்ணை மட்டும் தனியா உட்டா அளவு கெட்டுரும்."

சாயங்காலம் எத்திராஜ் வந்தபோது மேசைமேல் ஒரு இரும்பு வளையம் பளபளவென்று இருந்தது.

"நாலு துளை எங்கே?"

"பெரிய துளைக்குள்ளதானுங்க சார். ஒண்ணுகூடத் தப்பிச்சுப் போகலீங்க."

எத்திராஜ் பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். நடுவில் தடித்த முளை ஒன்று, சுற்றி மெல்லிய முளை நாலு. தகடு இதன்மேல் இடிக்காமல் இறங்கினால் பாஸ், அதுதான் கம்பெனி விதி. பழக்க தோஷத்தில் வளையத்தை அதன்மேல் வைத்தார். ஐந்து முளைகளையும் சுற்றி அது டங்கென்று இறங்கி உட்கார்ந்தது.

"எங்கயாச்சும் இடிக்குதுங்களா சார்?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"இடிக்கலைதான்..." எத்திராஜ் பேனாவைத் திறந்தார். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. வளையத்தைப் பார்த்தார், காகிதத்தில் இருந்த விதியைப் பார்த்தார், மறுபடி வளையத்தைப் பார்த்தார்.

பேனா இறங்காததைக் கண்டு நாச்சிமுத்துவின் காதில் மறுபடி கோழிகள் கொக்கரித்தன. சென்னியப்பன் அவர் காதோரம் குனிந்தான்.

"ணா, சாருக்கு இன்னுங் கொஞ்சம் சலுகை வேணுமாட்ட இருக்குது. சுத்தியும் இரும்பு இருக்கறதுனாலதான் யோசிக்கறாரு."

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"சார், அஞ்சே நிமிசம்! இந்த வளையத்தையும் கடைஞ்சு எடுத்துட்டுத் தந்தர்றனுங்க!" என்று அதை முளைகளிலிருந்து உருவிக்கொண்டு லேத்துக்கு ஓடினார்.